ஈரலுக்குள் ஓர் அத்திப்பழம்

புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், 'ஃபுவா' என்ற ஓசை எத்தனை மதிப்பெண்களை விழுங்கியது என்று சொல்வார்கள். சொல்வதெழுதலில் அது வந்தால் பாதி வகுப்பு தப்பாக எழுதும். 'விசுவாசம்' என்று பொருள்படும் ஃபுவா ஒன்று. 'கல்லீரல்' ஃபுவா இன்னொன்று. அதன் கடைசியில் ஒலிக்காத ஓர் 'இ' உண்டு. 'ஒரு தடவை, இரண்டு தடவை' என்கிறோமே, அந்தத் தடவையும் ஃபுவாதான். அதற்கு ஒலிக்காத ஓர் 'எஸ்'. போதாததற்குப் பிரனே மலையடிவாரத்தில் ஃபுவா என்றே ஓர் ஊர் இருக்கிறது, அதற்கு 'எக்ஸ்'. ஈரல் விற்கும் பெண்ணொருத்தியை அந்த ஊரில் கொண்டுபோய் உட்காரவைத்து, நான்கையும் கோத்துப் பாடும் குழந்தைப் பாட்டு பிரான்ஸில் எல்லோருக்கும் தெரியும். நானும் வகுப்பில் பாடவைப்பேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடுத்த நாள் நோட்டைத் திருத்தினால் மறுபடியும் அதே தப்பு.

மனப்பாடம் செய்துகொள் என்று விட்டுவிடும் ஆசிரியர்களே அதிகம். அவர்களைக் குறை சொல்லவில்லை. பாடத்திட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. எனக்கு லத்தீன் கொஞ்சம் வாய்த்திருந்ததால் நான் வேறு பக்கமாகப் போனேன்.

நான் பையனாக இருந்தபோது கோயிலில் பூசை லத்தீனில்தான் நடக்கும். அறுபதுகளில் வத்திக்கான் சங்கம் கூடிய பிறகுதான் தமிழ்ப் பூசை வந்தது. பொருள் தெரியாமல் ஒப்பித்த லத்தீனுக்குப் பிற்பாடு இலக்கணம் சொல்லித் தந்தவர் ஒரு வயதான பாதிரியார். உடல் உறுப்புகளின் பெயர்களை எழுதவைத்தபோது கல்லீரலுக்கு 'யேக்கூர்' என்றார். பிரெஞ்சில் ஃபுவா என்கிறார்களே, அதில் யேக்கூரின் ஒரு துளிகூட இல்லையே என்று கேட்டேன். "லத்தீன்ல அத்திப்பழத்துக்கு என்னடா பேரு?" என்று திருப்பிக் கேட்டார். ஃபீக்குஸ். "அங்கேருந்து தொடங்கு" என்றதோடு சரி. விடையைச் சொல்லித் தரும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

தொடங்கிப் பார்த்தால் கதை ரோமானியர்களுக்கும் முந்தியது. வாத்தினத்தில் பெரிய பறவைகளை அத்திப்பழம் ஊட்டிக் கொழுக்கவைத்து அவற்றின் ஈரலைச் சமைப்பது கிரேக்கர்களிடம் இருந்த வழக்கம். அத்திக்குக் கிரேக்கத்தில் 'சூக்கோன்'. அப்படி ஊட்டிய ஈரலுக்கு 'ஹேப்பார் சூக்கோத்தோன்' என்று பெயர். ரோமானியர்கள் உணவோடு பெயரையும் வாங்கி, சொல்லுக்குச் சொல் மாற்றி, 'யேக்கூர் ஃபிக்காத்தும்' என்றார்கள். அத்தி ஊட்டிய ஈரல். விருந்துச் சாப்பாட்டை நையாண்டி செய்த ஹொராஸ் தன் கவிதையொன்றில் இந்த ஈரலையும் பரிமாறவைக்கிறார். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது செத்துப்போன பிளினி, அப்பீசியுஸ் என்ற சாப்பாட்டுப் பிரியர் இதே வித்தையைப் பன்றிகளிடமும் காட்டியதாக எழுதியிருக்கிறார். உலர்ந்த அத்தியைத் திணித்துக் கொழுக்கவைத்து, பிறகு தேன் கலந்த மதுவைக் குடிக்கவைத்துக் கொல்வார்களாம்.

இதுவரைக்கும் பணக்காரர்களின் கதை. எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். நம்மூர் ஓட்டலில் உட்கார்ந்து "ரெண்டு மசால், ஒரு ரவா" என்கிறோம். தோசை என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. ரோமிலும் அதுதான் நடந்தது. 'யேக்கூர்' உதிர்ந்தது, 'ஃபிக்காத்தும்' நின்றது. அத்தி ஊட்டாத ஈரலும் ஃபிக்காத்தும் ஆயிற்று. ஆட்டு ஈரலும் ஆயிற்று. கடைசியில் மனிதனின் ஈரலே ஃபிக்காத்தும் ஆகிவிட்டது. அத்தி என்றால் என்ன, ஈரலோடு அதற்கு என்ன சம்பந்தம் என்பதெல்லாம் மறந்துபோய்ச் சொல் மட்டும் ஊர் ஊராகப் போனது.

இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கத் தெரிந்த மாணவர்கள் சிலர் எனக்குக் கிடைத்தார்கள். அவர்களுக்கு ரைஷனாவ் சொற்பட்டியலைப் பற்றிச் சொல்வேன். 8-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் வட பகுதியில் எழுதப்பட்டது. ஜெரோமின் லத்தீன் விவிலியத்தை வாசித்த குருமார்களுக்கே பல சொற்கள் புரியாமல் போய்விட்டன. அதனால் கடினமான சொல்லுக்குப் பக்கத்தில் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் புரிந்த சொல்லை யாரோ எழுதிவைத்தார்கள். 'ஈரல்' என்ற பழைய சொல்லுக்குப் பக்கத்தில் ஃபிக்காத்தோ. பாலாடைக்கட்டிக்கு இருந்த 'காசெயுஸ்' பக்கத்தில் 'ஃபோர்மாத்திக்கோ', அதாவது அச்சில் வார்த்தது. அதுதான் இன்றைய ஃப்ரோமாஜ். திராட்சைக்கு இருந்த 'ஊவா' பக்கத்தில் 'ராசேமுஸ்'; அது ரெசேன் ஆயிற்று. எனக்கு இந்தப் பட்டியல் எந்தக் காவியத்தையும்விடப் பெரிது. யாருடைய பெருமையையும் பாடாமல், ஒரு மொழி மாறிக்கொண்டிருந்தபோதே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தங்கள் ஊரில் பேசுவது லத்தீன் அல்லாத வேறொரு மொழி என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்குமா என்றே சந்தேகம். 813-இல் தூர் நகரில் கூடிய ஆயர்கள், பிரசங்கத்தை மக்களின் நாட்டுப்புற ரோமானிய மொழியில் செய்யுங்கள் என்று உத்தரவிட்ட பிறகுதான் விஷயம் வெளிப்படையானது. பிரெஞ்சின் மிகப் பழைய உரை என்று சொல்லப்படும் ஸ்திராஸ்பூர் சத்தியங்கள் 842-இல் வருகின்றன.

பொருள் பொருந்திவிட்டதே, போதாதா என்றால் போதாது. இந்தத் தொழிலில் ஆளை அலையவைப்பது பொருள் அல்ல, ஓசை. லத்தீன் சொல்லில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறதோ அந்த அசை பிழைக்கும், மற்றவை தேயும். ஃபிக்காத்தும் என்பதில் அழுத்தம் நடு அசையில். அப்படியானால் 'அமாத்தும்' என்பது 'எமே' ஆனதுபோல இதுவும் 'ஏ' ஓசையில் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இத்தாலியில் ஃபேகாத்தோ, ஸ்பெயினில் ஈகாதோ, இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில். ருமேனியர்கள் மட்டும் ஃபிகாத் என்று நடு அசையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அழுத்தம் ஏன் முன்னால் நகர்ந்தது? கிரேக்க 'சூக்கோத்தோன்' ரோமானியர் வாயில் பட்ட பாட்டில் முதலசை அழுத்தமுள்ள ஒரு வடிவம் பிறந்து, அது ஃபிக்காத்தும்மோடு கலந்துவிட்டது என்பது அகராதிகள் தரும் விளக்கம். அந்தக் கலப்பு வடிவம் எந்த ஏட்டிலும் இல்லை. அதனால் அகராதிக்காரர்கள் அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். 'கண்ணால் பார்த்ததில்லை, இருந்திருக்க வேண்டும்' என்று அந்தக் குறிக்குப் பொருள்.

அந்த நட்சத்திரத்தை மதிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலையில் பாதி. 17-ஆம் நூற்றாண்டில் ஜீல் மெனாஜ் என்றொரு படிப்பாளி இருந்தார். பிரெஞ்சுச் சொற்களின் மூலம் பற்றி 1650-இல் தடித்த புத்தகம் போட்டார். பலவற்றில் அவர் சொன்னது சரி. ஆனால் பீன்ஸுக்குப் பிரெஞ்சில் உள்ள 'ஆரிக்கோ' என்ற சொல்லை, அவரைக்கு லத்தீனில் உள்ள 'ஃபாபா' என்பதிலிருந்து வரவழைக்க ஆசைப்பட்டு, நடுவில் யாரும் எங்கும் பேசாத வடிவங்களை வரிசையாகத் தாமே உண்டாக்கிக்கொண்டார். ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்தைச் சேர், ஓர் எழுத்தை எடு. எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லாகவும் ஆக்கிவிடலாம். அவர் காலத்தவரே கேலி செய்தார்கள். தமிழில் இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், பெயர் சொல்ல வேண்டாம்.

எழுபதுகளில் எங்களுக்குக் கைக்கு எட்டியது ஓஸ்கார் பிளோக்கும் வால்த்தர் ஃபோன் வார்ட்பூர்க்கும் சேர்ந்து 1932-இல் கொண்டுவந்த அகராதி. நூலகத்தில் அதை வீட்டுக்குத் தரமாட்டார்கள். உட்கார்ந்து கையால் நகல் எடுப்போம். அதே வார்ட்பூர்க் 1922-இல் தொடங்கிய பேரகராதி ஒன்று உண்டு. அவர் ஆயுளில் முடியவில்லை. பிரெஞ்சுச் சொற்களின் வரலாற்றுக்கு அதைவிடப் பெரிய களஞ்சியம் கிடையாது. ஆனால் ஒரு சுவிஸ்காரர் ஜெர்மன் மொழியில் எழுதினார். பிரெஞ்சின் பிறப்புச் சான்றிதழைப் படிக்க ஜெர்மன் தெரிய வேண்டும் என்பதை என் பிரெஞ்சு நண்பர்கள் சிரிக்காமல் சொன்னதில்லை. பிறகு நான்சி நகரிலிருந்து 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக வந்த பெரிய அகராதி எங்கள் வேலையையே மாற்றியது. இப்போது அது இணையத்தில் முழுக்க இலவசம். நாங்கள் பேருந்து பிடித்துப்போய்ப் பார்த்ததைப் பிள்ளைகள் படுத்துக்கொண்டே பார்க்கலாம். பார்க்கிறார்களா என்பது வேறு விஷயம்.

மூன்று ஃபுவாவுக்கு வருவோம். விசுவாசம் 'ஃபிதேம்' என்பதிலிருந்து வந்தது. கல்லீரல் வந்த வழியைச் சொல்லிவிட்டேன். 'தடவை' வந்தது 'வீசேஸ்' என்பதிலிருந்து. அதன் 'எஸ்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் இருந்த 'வ' எப்படி 'ஃப' ஆயிற்று என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஸ்பானியர்கள் 'வேஸ்' என்று 'வி' எழுத்தை விடாமல் எழுதுகிறார்கள். கல்லீரலின் கடைசி 'இ'க்கும் காரணம் உண்டு. மூன்று அசைகள் கொண்டு முதலசையில் அழுத்தம் விழுந்த சொல், எவ்வளவு தேய்ந்தாலும் கடைசியில் ஒரு மெல்லிய உயிரை மிச்சம் வைக்கும். இரண்டே அசை கொண்ட ஃபிதேம் எதையும் மிச்சம் வைக்கவில்லை. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய வகுப்புகளில் தப்பு குறைந்தது.

நடுவில் உள்ள 'உவா' ஓசைக்கு மட்டுமே ஒரு வகுப்பு எடுக்கலாம். லத்தீனில் அழுத்தம் பெற்ற 'ஏ', முதலில் 'எய்' ஆயிற்று, பிறகு 'ஒய்', பிறகு 'உவே'. எழுத்து 'ஒய்' காலத்தில் நின்றுவிட்டது, வாய் மேலே போய்க்கொண்டே இருந்தது. அரசன் என்பதை வெர்சாய் அரண்மனையில் 'ருவே' என்றுதான் சொன்னார்கள். 'ருவா' என்பது பாரிஸ் தெருவின் உச்சரிப்பு. புரட்சிக்குப் பிறகு தெரு ஜெயித்தது. அதற்கு முன்பே கப்பலேறிக் கனடா போனவர்களின் வழிவந்த கியூபெக் கிழவர்கள் வாயில் நான், நீ என்பவை 'முவே', 'துவே' என்று இன்றும் வரும். அங்கே வேலைக்குப் போன என் மாணவி ஒருத்தி, "சார், இவங்க கொச்சையா பேசறாங்க" என்று எழுதியிருந்தாள். கொச்சை இல்லையம்மா, அது பதினான்காம் லூயி பேசின பேச்சு என்று பதில் எழுதினேன். சில சொற்களில் 'உவே' வேறு பக்கம் திரும்பி 'ஏ' ஆகிவிட்டது. 'பிரெஞ்சுக்காரன்' என்ற சொல்லையே பழைய எழுத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். வோல்த்தேர் மாற்றச் சொல்லிச் சண்டை போட்டார். அகாதெமி மாற்றியது 1835-இல். ஃபிரான்சுவா என்ற ஆள் பெயர் மட்டும் பழைய கோலத்திலேயே தங்கிவிட்டது.

பாண்டியில் லத்தீனைப் பற்றிப் பேசுவது அந்நியமான காரியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்களூரில் 'சொல்தா' என்பார்கள். எண்பதுகளில் என் வகுப்பில் பாதி, சொல்தா வீட்டுப் பிள்ளைகள். உங்கள் தாத்தாவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டுத்தான் முதல் பாடத்தைத் தொடங்குவேன். ரோமானியப் பேரரசின் பிற்காலத்துத் தங்கக்காசு சோலிதுஸ். இத்தாலியில் அது 'சோல்தோ' ஆகி, கூலியைக் குறித்தது. கூலி வாங்கிப் போர் செய்கிறவன் சோல்தாத்தோ. பிரெஞ்சுக்காரர்கள் அதை இத்தாலியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதே சோலிதுஸ் பிரான்ஸுக்குள்ளேயே தேய்ந்து தேய்ந்து 'சூ' என்ற செல்லாக்காசாயிற்று. கையில் காலணா இல்லை என்பதற்கு அவர்கள் 'ஒரு சூ இல்லை' என்பார்கள். மாதம் பிறந்ததும் பென்ஷனை எண்ணும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை இரண்டாம் முறை விளக்க வேண்டியிருந்ததில்லை.

போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொற்களும் கைகொடுக்கும். சாவியும் பிரெஞ்சு 'க்ளே'யும் லத்தீன் 'க்ளாவிஸ்' பெற்ற பிள்ளைகள். அலமாரியும் 'அர்முவார்' என்பதும் 'அர்மாரியும்' வழி வந்தவை. பாதிரியும் 'பேர்' என்ற பிரெஞ்சுத் தகப்பனும் ஒரே 'பாத்தேர்'. பிரெஞ்சு ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்று பயந்து வருகிற நர்ஸ் பெண்களிடம், உங்கள் வீட்டு அலமாரியில் லத்தீன் இருக்கிறது என்று சொன்னால் முகம் தெளியும்.

நர்ஸ்கள் என்றதும் ஒன்று. பிரெஞ்சுக்காரர்கள் கனமாகச் சாப்பிட்டுவிட்டு வயிறு பொருமினால் 'ஈரல் கோளாறு' என்பார்கள். பாரிஸ் பக்கம் ஒரு விடுதியில் நான் தங்கியிருந்தபோது, வீட்டுக்கார அம்மாள் ஞாயிறு விருந்துக்கு மறுநாள் தவறாமல் இதைச் சொல்லிவிட்டு மூலிகைத் தேநீர் குடிப்பாள். மருத்துவரிடம் போனால் அவர் அந்தச் சொல்லைத் தொடாமல் கிரேக்க 'ஹேப்பார்' வழி வந்த சொல்லைப் போட்டு எழுதுவார். அத்திப்பழ ஈரல் கறிக்கடைக்கும் வீட்டுக்கும்; படித்த ஈரல் மருந்துச்சீட்டுக்கு. அங்கே மருத்துவமனையில் வேலை பார்த்த என் மாணவி சொன்னது: காரைக்காலிலிருந்து மகனோடு வந்திருந்த ஒரு கிறிஸ்தவப் பாட்டியிடம், உங்கள் ஃபுவா பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். பூசைக்குத் தினம் போகிறேன், என் விசுவாசத்தில் இவர் என்ன குறை கண்டார் என்று பாட்டி சண்டைக்குப் போய்விட்டாராம்.

இப்போது வருகிறவர்கள் வேறு மாதிரி. கனடா குடியேற்றத்துக்கு மதிப்பெண் சேர்க்கத் தேர்வு எழுதுகிறார்கள். மாலையில் கணினி வேலை முடித்து வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கு நேரமில்லை, சொல்லின் கதை ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும். கைபேசியில் அப்படி முடிகிற கதைகள் ஏராளம். ஒருவர் வந்து, "சார், 'த்ரவாய்'னா சித்திரவதையாமே?" என்றார். வேலை என்பதற்கான பிரெஞ்சுச் சொல், மூன்று கழிகளால் ஆன 'த்ரிபாலியும்' என்ற வதைக் கருவியிலிருந்து வந்தது என்கிற கதை. அலுவலகத்தை வெறுக்கிறவர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி ஏது?

முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓசேரில் கூடிய சபை, குற்றவாளிகளை அந்தக் கருவியில் வதைக்கும் இடத்தில் குருமார் நிற்கக்கூடாது என்று விதித்திருக்கிறது. கருவி உண்மை. இடைக்காலத்தில் த்ரவாய் என்றால் துன்பம், வலி. பிரசவ அறைக்கு இன்றும் பிரான்ஸில் 'த்ரவாய் அறை'தான். மாட்டையும் குதிரையையும் லாடம் அடிக்கக் கட்டும் மரச்சட்டத்துக்கும் அதே பெயர். ஆனால் கருவிக்கும் சொல்லுக்கும் நடுவில் வதைப்பது என்று பொருள்தரும் வினைச்சொல் இருக்கிறதே, அதற்கு முன்னால் நட்சத்திரம். உத்தரம் என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லின் பங்கும் இதில் உண்டு என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். அந்த மாணவரிடம் நான் இழுத்துச் சொன்னது வேறு விஷயம். வேலை செய்வதைக் குறிக்க முன்பு 'ஊவ்ரே' என்று ஒரு சொல் இருந்தது. 'திற' என்ற சொல்லோடு ஓசையில் குழம்பி வழக்கொழிந்தது. அதன் மிச்சம்தான் 'ஊவ்ராப்ள்' நாள், அதாவது வேலைநாள். பிரெஞ்சுக்காரர்களிலேயே பலர் அதைக் கடை திறந்திருக்கும் நாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சொல் வருவதற்கு இன்னொரு சொல் இடம் விட வேண்டும். பரபரப்பான கதைகள் இந்தக் காலியிடத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

யேக்கூர் போனதும் அப்படித்தான். சிசெரோ எழுதிய லத்தீனில் தீ 'இக்னிஸ்'. பிரெஞ்சுக்குக் கிடைத்தது அடுப்பைக் குறித்த 'ஃபோக்குஸ்'. தலை 'காப்புத்', கிடைத்தது மண்சட்டியைக் குறித்த 'தெஸ்தா'. குதிரை 'எக்குவுஸ்', கிடைத்தது மட்டக்குதிரையான 'கபால்லுஸ்'. உண்பதற்குப் பதில் மெல்வது கிடைத்தது. நான் பார்த்தவரையில் பிரெஞ்சில் தினம் புழங்கும் சொற்களின் மூலத்தைத் தேடுகிறவர்கள் செனட் சபையில் தேடினால் கிடைக்காது. அடுப்படி, கறிக்கடை, குதிரை லாயம் பக்கம் போக வேண்டும்.

இனி பிரெஞ்சு படிக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். யாராவது ஒரு சொல்லின் மூலத்தைச் சுவையாகச் சொன்னால், நான்சி அகராதியின் இணையப் பக்கத்தைத் திறந்து அந்தச் சொல்லின் பதிவைக் கடைசி வரை இறக்குங்கள். அடியில் வரலாற்றுப் பகுதி இருக்கும். எந்த ஆண்டு, எந்த ஏட்டில் முதலில் வந்தது, லத்தீன் வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லீரலில் தொடங்கலாம்.